திரையில் தெரியாத மூன்று மில்லிமீட்டர்

ஓய்வு பெற்றவர்கள் தோட்டம் போடுவார்கள், கோயில் குளம் போவார்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவார்கள். நான் காலை பத்து மணிக்குத் தங்கை மகனின் மரவேலைப் பட்டறைக்குப் போய்விடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையின் டூல்ரூமில் 34 வருடம் இரும்போடு கிடந்தவனுக்குக் காரைக்குடிப் பக்கத்தில் மரக்கடையில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இப்போது நம் ஊர்ப்பக்கம் புதுவீடு கட்டுகிறவர்கள் வாசல் கதவில் கஜலட்சுமி வேண்டும், பூஜையறைக் கதவில் மணியும் தாமரையும் வேண்டும் என்கிறார்கள். ஆசாரி மாதக்கணக்கில் உளி பிடித்துச் செய்த வேலையை சி.என்.சி. ரூட்டர் என்ற இயந்திரம் ஒன்றிரண்டு நாளில் செதுக்கிவிடுகிறது. இயந்திரத்துக்குச் சொந்த புத்தி கிடையாது. கம்ப்யூட்டரில் உருவத்தை வரைந்து, அதைச் செதுக்க வேண்டிய பாதையையும் கணக்கிட்டு, பென்டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டும். இதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. ஆர்ட்கேம் என்று ஒன்று வெகுகாலம் கோலோச்சியது. 2018-ல் அதன் விற்பனை நின்றது. அதன் வழியில் வந்தது கார்வெகோ. இங்கிலாந்திலிருந்து வரும் ஆஸ்பயர் இன்னொன்று. பெயர் எதுவானாலும் வேலை செய்கிற முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த மென்பொருள்களில் இரண்டு விதமான முன்தோற்றம் பார்க்கலாம். பையன்கள் அதை 'பிரிவியூ' என்கிறார்கள். முதலாவது மாடல் பிரிவியூ; செதுக்க நினைக்கும் உருவம் திரையில் மேடு பள்ளத்தோடு தெரியும். இரண்டாவது டூல்பாத் பிரிவியூ. டூல்பாத் என்றால் வெட்டும் பிட் போகிற பாதை. வாசலில் போட்டு முடித்த கோலத்தை மாடல் என்று வைத்துக்கொண்டால், மாவு பிடித்த கை எங்கே தொடங்கி எங்கே திரும்பி எப்படிப் போனது என்பதுதான் டூல்பாத். அந்தப் பாதையில் பிட் ஓடினால் மரம் எப்படி ஆகும் என்று கம்ப்யூட்டர் ஒத்திகை பார்த்துக் காட்டும். தேக்கு நிறமும் ரேகையும் கூடப் போட்டுக் காட்டும். பார்க்க அத்தனை அழகு. வம்பு அந்த அழகில்தான் ஆரம்பிக்கிறது.

எங்கள் காலத்தில் இந்தப் படம் காட்டும் வசதி இல்லை. எண்களைக் கொண்டு இயந்திரத்தை ஓட்டும் யோசனையே அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கை செய்யும் வேலையில் தொடங்கியது. 1952-ல் எம்.ஐ.டி. அப்படி ஒரு இயந்திரத்தை ஓட்டிக் காட்டியது. 1980-களில் எங்கள் டூல்ரூமுக்கு வந்த இயந்திரம் ஒரு அங்குல அகலக் காகித நாடாவைப் படிக்கும். நாடாவில் எட்டு வரிசை ஓட்டைகள். நாடாவில் தப்பு இருந்தால் தெரிய வேண்டுமே? வெட்டும் கருவியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பேனாவைப் பொருத்துவோம். கீழே காகிதம் ஒட்டி ஓட விடுவோம். பேனா கோடு கோடாக வரைந்து தள்ளும். பொருள் எப்படி வரும் என்று அதில் தெரியாது. கருவி எங்கெல்லாம் போகிறது என்று மட்டும் தெரியும். கோட்டைப் பார்த்தே குற்றம் கண்டுபிடிக்கப் பழகியிருந்தோம். பட்டறையில் நான் பயன்படுகிறேன் என்றால் அந்தப் பழக்கத்தால்தான்.

போன தை மாதம் ஒரு ஆச்சி தன் பிள்ளையோடு பட்டறைக்கு வந்தார். பங்காளிகளுக்குள் பிரித்த பழைய வீட்டை இடித்துவிட்டார்கள். அவர் பங்கில் ஒரு கதவுப் பலகை வந்திருக்கிறது. ஒன்றரை அங்குலக் கனத்தில் பர்மா தேக்கு. பலகையின் நான்கு ஓரமும் கையால் செதுக்கிய கொடி ஓடுகிறது. நடுவில் வெறும் பலகை. மகன் கட்டும் அடுக்குமாடி வீட்டில் அதைப் பூஜையறைக் கதவாக்க வேண்டும், நடுவில் கஜலட்சுமி வர வேண்டும், ஓரத்துக் கொடியை யாரும் தொடக்கூடாது.

"இது போனா வேற பலகை வாங்கிக்கலாம்னு மட்டும் நெனச்சிராதப்பா. எங்க ஐயா ரங்கூன்ல இருந்து கொண்டாந்தது. இது ஒண்ணுதான் மிச்சம்" என்று தங்கை மகனிடம் சொல்லிவிட்டுப் போனார். செட்டிநாட்டில் ஐயா என்றால் தாத்தா.

அடுத்த நாளே வேலை தொடங்கியது. உருவம் 400 மில்லிமீட்டர் உயரம், 300 மில்லிமீட்டர் அகலம், 18 மில்லிமீட்டர் ஆழம். வெளியில் வாங்கிய உருவங்களை எஸ்.டி.எல். என்ற வகைக் கோப்பாகத்தான் தருவார்கள். அந்தக் கோப்பில் எண்கள் இருக்கும், அளவின் பெயர் இருக்காது. வரைந்தவர் அங்குலத்தில் வரைந்து, நாம் மில்லிமீட்டர் என்று திறந்தால், பன்னிரண்டு அங்குல அம்மன் பன்னிரண்டு மில்லிமீட்டராகப் புளியங்கொட்டை அளவில் ஒரு மூலையில் நிற்பாள். கோப்பு கெட்டுவிட்டது என்று பையன்கள் பதறுவார்கள். 25.4 மடங்கு பெரிதாக்கினால் சரியாகிவிடும். இதெல்லாம் சில்லறை வியாதி. இந்தப் பலகையில் வந்தவை கொஞ்சம் யோசிக்க வைத்தன.

முதல் சிக்கல் மாடலிலேயே இருந்தது. அம்மன் ஒரு துண்டு, யானைகள் இரண்டு துண்டு, தாமரைப் பீடம் ஒரு துண்டு என்று தனித்தனியாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தான். முழங்கால் பீடத்தைத் தொடும் இடத்தில் கொழுக்கட்டை மாதிரி ஒரு புடைப்பு. இரண்டு துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். 'கூட்டு' என்று சொன்னால் பீடத்தின் உயரத்தையும் முழங்காலின் உயரத்தையும் கூட்டி அடுக்கிவிடும். 'எது உயரமோ அதை எடு' என்று சொல்லும் இன்னொரு முறை இருக்கிறது. அதற்கு மாற்றியதும் புடைப்பு அடங்கியது.

ஆனால் டூல்பாத் பிரிவியூவில் புடைப்பு அப்படியே நின்றது. "மாமா, மாடல்ல போயிருச்சு, பாதையில போகலையே! சாஃப்ட்வேர அழிச்சிட்டு மறுபடி போடவா?" என்றான். அதற்கு அவசியமே இல்லை. மாடலைத் திருத்தினால் பாதை தானாகத் திருந்துவதில்லை. பழைய மாடலுக்குப் போட்ட பழைய பாதைதான் இன்னும் இருக்கிறது. ஒத்திகையும் அதைத்தான் ஓட்டிக் காட்டுகிறது. பாதையை மறுபடி கணக்கிடச் சொன்னதும் சரியாயிற்று. வெள்ளி விலை ஏறியபின் பழைய சீட்டைப் பார்த்துக் கணக்குப் போடுவது மாதிரிதான் இது. எந்தத் திருத்தத்துக்குப் பின்னும் எல்லாப் பாதைகளையும் மறுபடி கணக்கிடுவது என்று அன்றைக்குச் சுவரில் எழுதி ஒட்டினோம்.

ஆச்சியின் பலகையில் கை வைப்பதற்கு முன் புது வேப்பம்பலகை ஒன்றில் வெட்டிப் பார்க்கலாம் என்றேன். தேக்கு விலைக்கு முன்னால் வேம்பு ஒரு செலவே இல்லை. முதலில் 6 மில்லிமீட்டர் தட்டை பிட் மொத்தமாக மரத்தைக் கழிக்கும். பிறகு நுனி உருண்ட கூம்பு பிட் நுணுக்கமாக உழுதுகொண்டு போகும். ஒரு உழவுக்கும் அடுத்த உழவுக்கும் இடைவெளி 0.1 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 400 மில்லிமீட்டர் உயரத்துக்கு 4000 உழவு. ஒவ்வொன்றும் 300 மில்லிமீட்டர் நீளம். மொத்தம் 1200 மீட்டர். பிட் இந்தச் சின்னப் பலகைக்குள்ளேயே ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர் நடக்கிறது! நிமிடத்துக்கு 2000 மில்லிமீட்டர் வேகத்தில் பத்து மணி நேரம். ஒத்திகைக்கு அத்தனை நேரம் வேண்டாம் என்று இடைவெளியை 0.2 ஆக்கினோம், ஐந்து மணி நேரத்தில் முடிந்தது.

எடுத்துப் பார்த்தால் திரையில் முத்து முத்தாக இருந்த கழுத்து மாலை, மரத்தில் கடுகுச் சரம் மாதிரி மெலிந்து கிடந்தது. அம்மனின் விரல்கள் நோய் கண்டவர் விரல் போல. "சாஃப்ட்வேர்ல எல்லாம் சரியாத்தான் காட்டுது மாமா" என்றான். பெல்ட் தளர்ந்திருக்குமோ, மோட்டாரில் கோளாறோ என்று இயந்திரத்தைப் பிரிக்கப் போனான்.

நான் வெர்னியரைக் கொண்டுவரச் சொன்னேன். மென்பொருளில் பிட்டின் நுனி ஆரம் 0.5 மில்லிமீட்டர் என்று இருந்தது. அதாவது நுனி உருண்டையின் விட்டம் 1 மில்லிமீட்டர். இயந்திரத்தில் மாட்டியிருந்த பிட்டை அளந்தால் நுனி விட்டம் 2 மில்லிமீட்டர் வந்தது. கடைக்காரர் டப்பாவில் '1' என்று எழுதியிருந்தார், அது ஆரம். பையன் அதை விட்டம் என்று எடுத்துக்கொண்டான். சின்ன நுனிக்குப் போட்ட பாதையில் பெரிய நுனி போனால் தட்டையான இடத்தில் வித்தியாசம் தெரியாது; சரிவில்தான் தின்னும். 45 டிகிரிச் சரிவில் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் ஆழம் அதிகமாகப் போகும். சரிவு செங்குத்தாக ஆக ஆக இன்னும் கூடும். முத்துக்கும் விரலுக்கும் சுற்றிலும் சரிவுதானே? அதனால் அவை மெலிந்தன. சரியான பிட்டை மாட்டி, இன்னொரு வேப்பம்பலகையில் மாலையும் கையும் இருக்கும் இடத்தை மட்டும் வெட்டிப் பார்த்தோம். முத்து முத்தாக வந்தது.

இதிலிருந்து தெரிவது ஒன்றுதான். பிரிவியூ பொய் சொல்வதில்லை. நாம் சொன்னதை நம்பி, அதையே நமக்குத் திருப்பிச் சொல்கிறது. பிட் இத்தனை என்று சொன்னால் இத்தனைதான் என்று நம்பும். பலகை இத்தனை கனம், ஒரே சமமாக இருக்கிறது என்று சொன்னாலும் நம்பும். பட்டறையில் இருக்கும் பிட்டையும் பலகையையும் அது பார்த்ததே இல்லை.

பட்டறையில் ஒரு மூத்த ஆசாரி இருக்கிறார். எழுபது தாண்டியவர். இயந்திரம் வந்த பிறகு அவருக்கு முகப்பைத் தேய்ப்பதும் மெருகு போடுவதும்தான் வேலை என்று ஆகியிருந்தது. அவர் கம்ப்யூட்டர் பக்கமே வருவதில்லை, பிள்ளைகளும் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு நான்தான் கூப்பிட்டேன். பிரிவியூவை மறைத்துவிட்டுப் பாதைக் கோடுகளை மட்டும் திரையில் காட்டினேன். முன்பு பேனா வரைந்த மாதிரி நீலக் கோடுகள் நெருக்கமாக ஓடின. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார், கோடு எல்லாம் படுக்கையா ஓடுது. பலகையில ரேகை நெட்டுக்க நிக்குது. நாருக்குக் குறுக்க உழுதா சிலாம்பு எடுக்கும். நெட்டுக்க ஓட விடச் சொல்லுங்க."

வேப்பம்பலகையைப் படுக்கை ரேகையாக வைத்து வெட்டியிருந்ததால் இது தெரியாமலே போயிருக்கிறது. பாதையின் கோணத்தை 90 டிகிரி திருப்புவது மென்பொருளில் ஒரு நிமிட வேலை. அடுத்து அம்மன் கையிலிருக்கும் தாமரைத் தண்டைக் காட்டினார். நாருக்குக் குறுக்கே 3 மில்லிமீட்டர் அகலத்தில் சுவர் போல நின்றது. "இது நிக்காது சார். இன்னைக்கு நின்னாலும் துணி போட்டுத் துடைக்கிறப்ப ஒடிஞ்சிரும்" என்றார். தண்டை 5 மில்லிமீட்டர் ஆக்கி, உயரத்தையும் குறைத்தோம். திரையில் தேக்கு ரேகை அழகாகத் தெரிகிறதே என்றால், அது வெறும் பூச்சு. எந்தப் பக்கம் நார் ஓடுகிறது என்று கணக்குப் போடும் அறிவு அதில் இல்லை.

பிறகு அவர் எழுந்து பலகையிடம் போனார். முதல் நாள் அதன் பின்பக்கத்தை அவர்தான் இழைப்புளி போட்டுச் சமமாக்கியிருந்தார். காந்தத்தை வைத்துப் பலகை முழுக்கத் தடவினார். கீழ் ஓரத்தில் ஒரு பழைய ஆணி மறைந்திருந்தது. அதைத் தோண்டி எடுத்தார். அது பிட்டில் பட்டிருந்தால் பிட் நொறுங்கியிருக்கும். அடுத்து மட்டக்கோலை எடுத்துப் பலகையின் குறுக்கே வைத்தார். வெளிச்சத்துக்கு நேரே குனிந்து பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். கோலுக்குக் கீழே நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

நூறு வருடப் பலகை மெல்ல வளைந்திருக்கிறது. முன்பக்கம் குழிந்தும் பின்பக்கம் புடைத்தும் இருந்திருக்கிறது. பின்பக்கப் புடைப்பை இழைத்துச் சமமாக்கியதும் நடுப்பகுதி மெலிந்துவிட்டது. ஒன்பது இடத்தில் அளந்தோம். ஓரங்களில் 38 மில்லிமீட்டர்; நடுவில் 35. மென்பொருளில் 38 என்று ஒரே எண்தான் கொடுத்திருந்தது. உருவத்தின் மிக உயர்ந்த இடம் அம்மனின் மூக்கு நுனி. அது 38-ல் இருக்க வேண்டும் என்று பாதை நினைக்கிறது. அந்த இடத்தில் மரமோ 35-ல் முடிந்துவிடுகிறது. அப்படியே ஓட விட்டிருந்தால் மேல் 3 மில்லிமீட்டரைக் காற்றில் செதுக்கிவிட்டு, மூக்கில்லாத அம்மனை எடுத்துக் கொடுத்திருக்கும். திரையில் கடைசிவரை மூக்கு இருந்திருக்கும்.

புதுப் பலகையாக இருந்தால் முன்பக்கத்தையும் இழைத்துவிடலாம். இதில் ஓரத்துக் கொடியைத் தொடக்கூடாதே. மென்பொருளில் அதற்கும் வழி இருக்கிறது. பலகையின் மேல்மட்டத்துக்கும் உருவத்தின் உச்சிக்கும் இடையே இத்தனை இடம் விடு என்று சொல்லலாம். 3.5 மில்லிமீட்டர் விட்டோம். உச்சி 34.5-ல் வந்தது, அதிலிருந்து 18 ஆழம் போனால் தரை 16.5-ல். பின்பக்கம் போதிய கனம் மிஞ்சுகிறது. பூஜ்யப் புள்ளியையும் பலகையின் மேலே வைக்காமல் இயந்திர மேடையின் மட்டத்தில் வைத்தோம். மேல்பக்கம் கோணலாக இருந்தாலும் மேடை கோணாது. இரண்டாவது பிட்டை மாட்டும்போதும் அதே இடத்தில் தொட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக என் பழைய பழக்கம் ஒன்று. பென்டிரைவில் போகிற கோப்பு வெறும் எழுத்துதான். நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஜி21 என்றால் மில்லிமீட்டர், ஜி20 என்றால் அங்குலம். ஜி0 என்றால் வெட்டாமல் வேகமாக நகர், ஜி1 என்றால் வெட்டிக்கொண்டே நகர். இசட் என்பது உயரம். மேடை பூஜ்யம் என்பதால் இந்தக் கோப்பில் 16.5-க்குக் கீழே ஒரு இசட் எண்ணும் இருக்கக்கூடாது. வேகமாக நகரும் உயரம் பலகையையும் அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பையும் தாண்டி இருக்க வேண்டும். கிளாம்ப் எங்கே இருக்கிறது என்றும் திரைக்குத் தெரியாது. இரண்டையும் சரிபார்த்த பிறகுதான் பச்சைப் பொத்தானை அழுத்தச் சொன்னேன்.

நுணுக்க வேலை இந்த முறை 0.1 இடைவெளியில் பத்து மணி நேரம் என்று மென்பொருள் சொன்னது, பதினொன்றரை ஆயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் இயந்திரம் வேகத்தைக் குறைத்துக் கூட்ட வேண்டியிருக்கிறதே. மேலிருந்து கீழே மட்டும் இறங்கும் பிட்டால் யானைத் துதிக்கையின் அடிப்பக்கம் புகுந்து குடைய முடியாது. அந்த வேலையை ஆசாரி இரண்டு நாள் உட்கார்ந்து உளியால் செய்தார். அம்மனின் கண்ணை மட்டும் மாடலில் மழுக்கமாக விட்டிருந்தோம். அதை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து அவரே திறந்தார். ஆச்சி வந்து முதலில் பார்த்தது ஓரத்துக் கொடியைத்தான். விரலால் நான்கு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டுப் பிறகுதான் அம்மனைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு பட்டறையில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. பெரிய வேலை எதுவானாலும் பாதைக் கோடுகளை ஆசாரி பார்த்த பிறகே பென்டிரைவ் இயந்திரத்துக்குப் போகிறது. அதற்குத் தனியாகக் கூலி போட்டுக் கொடுக்கிறான் என் தங்கை மகன். மெருகுக் கூலியைவிட அது கூடுதல்.

இதைப் படிப்பவர்களில் யாராவது வீட்டுக்கு இப்படிக் கதவு செய்யக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், கடையில் திரையில் படம் காட்டுவார்கள். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். பலகையை எத்தனை இடத்தில் அளந்தீர்கள்? நார் எந்தப் பக்கம், பாதை எந்தப் பக்கம்? வெட்டி முடிந்தபின் உளி பிடிக்கப் போவது யார்? முதலிரண்டுக்கும் பதில் சொல்லத் திணறினால் வேறு கடை பாருங்கள். மூன்றாவதற்கு 'அதெல்லாம் தேவையில்லை சார், மிஷினே செஞ்சிரும்' என்றால், பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.